சதுர நிலம், வட்டத் தண்ணீர்

ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தை வரைந்து பாருங்கள். சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதத்தை வட்டம் எடுத்துக்கொள்ளும். மீதி 21.5 சதவீதம் நான்கு மூலைகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கும். சதுரம் தபால்தலை அளவில் இருந்தாலும் சரி, ஒரு மாவட்டத்தின் அளவில் இருந்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறவே மாறாது.

பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்த 21.5 சதவீதத்துக்கு ரொக்க மதிப்பு உண்டு. அங்கே வழக்கமான ஒரு வயல் 160 ஏக்கர் சதுரம். தண்ணீர் எட்டும் வட்டத்துக்கு வெளியே நின்றுபோகும் மூலைகள் மட்டுமே 34 ஏக்கர். அந்த மூலைகளுக்கும் தண்ணீர் கொண்டுபோக ஒரு பொறியை வடிவமைத்தார்கள். வயலில் தான் எங்கே நிற்கிறோம் என்பதை அந்தப் பொறி எப்படி அறிந்துகொள்கிறது என்ற கேள்வியில் அந்த மாநிலத்தின் இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டன. மேல்முறையீட்டில் 1993-ல் வந்த தீர்ப்பு, பாசனத்தோடு எந்த உறவும் இல்லாத காப்புரிமை வழக்குகளிலும் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

வழக்குக்குப் போகும் முன் வயலுக்குப் போக வேண்டும். நிலம் ஏன் சதுரமானது, தண்ணீர் ஏன் வட்டமானது என்ற இரண்டும் தெரிந்தால்தான் சண்டை புரியும்.

நிலம் சதுரமானது சட்டத்தால். புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசு 1785-ல் ஒரு நிலச் சட்டம் இயற்றியது. மேற்கே விரிந்து கிடந்த நிலத்தை ஆறு, மேடு, காடு எதையும் பொருட்படுத்தாமல் நேர்கோடுகளால் கூறு போட்டார்கள். மைலுக்கு மைல் ஒரு சதுரம். அதில் 640 ஏக்கர். 1862-ன் குடியேற்றச் சட்டம் அந்தச் சதுரத்தை நான்காக்கி, குடியேறி உழுகிறவருக்கு 160 ஏக்கர் வரை தர வழி செய்தது. பக்கத்துக்கு அரை மைல், அதாவது சுமார் 805 மீட்டர். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பழங்குடி மக்களிடம் யாரும் அளவு கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

தண்ணீர் வட்டமானது ஒரு குத்தகை விவசாயியின் யோசனையால். கொலராடோ மாநிலத்தின் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊருக்கருகே கோதுமை பயிரிட்டுவந்த ஃபிராங்க் சைபாக், 1947-ல் ஒரு பாசனச் செயல்விளக்கத்தைப் பார்க்கப் போனார். தெளிப்பு நீர்ப் பாசனம் அப்போது புதிது. அலுமினியக் குழாய்களை வரிசையாகப் பூட்டித் தண்ணீரைத் தெளிப்பார்கள். அந்தப் பட்டை நனைந்ததும் குழாய்களைக் கழற்றி, ஈரச் சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த பட்டையில் மறுபடி பூட்டுவார்கள். சேறும் குழாயும் சுமந்த ஆட்களைப் பார்த்த சைபாக்குக்கு, குழாய் தானே நகர்ந்தால் என்ன என்று தோன்றியது.

நகரும் குழாய்க்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. அது எங்கே போனாலும் தண்ணீர் மூலத்தோடு இணைந்தே இருக்க வேண்டும். நேர்கோட்டில் நகர்ந்தால் கூடவே நீளமான ரப்பர்க் குழாயை இழுத்துப் போக வேண்டும், அல்லது வயலின் ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். சைபாக் குழாயின் ஒரு முனையை வயலின் நடுவில், தண்ணீர் வரும் இடத்திலேயே ஊன்றிவிட்டார். மறுமுனை சக்கரங்களின் மேல் சுற்றி வந்தது. திரும்பக்கூடிய ஒரே ஒரு மூட்டு நடுவில் இருந்தால் போதும். மற்ற எல்லாம் ஒரே குழாய். முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் தூரம்வரை வட்டமாக மேய்ந்து தீர்ப்பதைப் போல இந்தக் குழாயும் எட்டிய தூரம்வரை வட்டமாக நனைத்துத் தீர்க்கும். வட்டம் அவர் ஆசைப்பட்ட வடிவம் இல்லை. ஒரு மூட்டோடு வேலையை முடித்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

1949-ல் விண்ணப்பித்தார், 1952-ல் காப்புரிமை கிடைத்தது. 1954-ல் தயாரிப்பு உரிமை ராபர்ட் டாஹர்ட்டி என்பவரிடம் போனது. நெப்ராஸ்காவின் வேலி என்ற சிற்றூரில் பண்ணைக் கருவிகள் செய்துகொண்டிருந்த அவருடைய பட்டறைதான் பிறகு வால்மான்ட் என்ற பெரிய நிறுவனமானது. வேலி, ஃப்ரிமான்ட் என்ற இரண்டு ஊர்களின் பெயரை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது. அதே மாநிலத்தின் டெஷ்லர் ஊரில் ரிச்சர்ட் ரெயின்கி என்பவரின் நிறுவனம் 1960களில் மின்மோட்டாரால் இரு திசையிலும் நகரும் பொறியைக் கொண்டுவந்தது. இன்னும் இரண்டு பெரிய தயாரிப்பாளர்களும், லிண்ட்சேயும் டி-எல்லும், அதே நெப்ராஸ்காவில்தான் வளர்ந்தார்கள். உலகில் இந்தப் பொறிகளைச் செய்யும் தொழிலின் பெரும்பகுதி ஒரே மாநிலத்துக்குள் அடங்கிக் கிடந்தது. போட்டியாளர்கள் காரில் சில மணி நேரத் தொலைவில் இருந்தார்கள்.

சென்டர் பிவட் என்று இன்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் இந்தப் பொறி பார்வைக்கு எளிது, கணக்கில் எளிதல்ல. அரை மைல் வயலுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் தேவை. இடையிடையே சக்கரக் கோபுரங்கள் அதைத் தாங்குகின்றன. கடைசிக் கோபுரம் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டரை கிலோமீட்டர் நடக்கிறது. நடுவுக்கு அருகில் உள்ளதோ அதே நேரத்தில் சில நூறு மீட்டர்தான் நகர்கிறது. எனவே குழாய் நெடுகிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டால் நடுப்பகுதி குளமாகும், ஓரம் காயும். வட்டத்தின் உள்பக்கக் கால்வாசி நீளம் நனைக்கும் பரப்பு மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. வெளிப்பக்கத்தில், நீளத்தின் 30 சதவீதத்துக்கும் குறைவான பகுதி வட்டத்தின் பாதிப் பரப்பை நனைக்கிறது. ஆகவே வெளியே போகப் போகத் தெளிப்பான்களின் துளை பெரிதாகிக்கொண்டே போகும், அல்லது அவை நெருக்கமாக வைக்கப்படும். வினாடிக்கு 50 லிட்டர் பாயும் ஒரு பொறி அந்த வட்டம் முழுக்க 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமாக நனைத்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று நாளாகும்.

இன்னொரு நுட்பம் எனக்கு இன்னும் பிடிக்கும். மின்மோட்டாரில் ஓடும் பொறிகளில் எல்லாக் கோபுரங்களும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. கடைசிக் கோபுரத்துக்குத்தான் வேகம் குறிக்கப்படுகிறது. அது கொஞ்சம் முன்னே போனதும் அதற்கு உள்ளே இருக்கும் மூட்டில் குழாய் லேசாக மடங்குகிறது. அந்த மடக்கத்தை ஒரு சுவிட்ச் உணர்ந்து உள்ளே இருக்கும் கோபுரத்தின் மோட்டாரை இயக்குகிறது. அது நகர்ந்து நேரானதும் மோட்டார் நிற்கிறது. மடக்கம் அதற்கும் உள்ளே இருக்கும் மூட்டுக்குப் போகிறது. இப்படி ஒவ்வொன்றாக எட்டுவைத்து, கால் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட இரும்பு கிட்டத்தட்ட நேர்கோடாகவே சுற்றி வருகிறது. எந்தக் கோபுரத்துக்கும் வயலின் வரைபடம் தெரியாது. பக்கத்துக் கோபுரத்தோடு தனக்குள்ள கோணம் மட்டும் தெரியும்.

இப்போது மூலைகள். குழாயின் நுனியில் தூரமாகப் பீய்ச்சும் பெரிய தெளிப்பான் ஒன்றைப் பொருத்தி, மூலை வரும்போது மட்டும் திறந்துவிட்டால் சில ஏக்கர் கூடும். முழு மூலையும் வேண்டும் என்றால் அது எட்டாது. வயலின் நடுவிலிருந்து பக்கத்தின் மையப்புள்ளிக்கு 402 மீட்டர். மூலைக்கு 569 மீட்டர். அதாவது ஒரு சுற்றுக்கு நான்கு முறை பொறி தன்னை 160 மீட்டருக்கும் மேல் நீட்டிக்கொள்ள வேண்டும், வேலியைத் தொடும் முன் மறுபடி மடக்கிக்கொள்ள வேண்டும்.

1970களில் இதற்கு விடையாக மூலைக் கை வந்தது. முதன்மைக் குழாயின் நுனியில் கீல் வைத்து இன்னொரு குழாயைப் பூட்டினார்கள். அதற்கெனத் தனிக் கோபுரம், திருப்பக்கூடிய தனிச் சக்கரங்கள். வேலி ஓரமாக நகரும்போது அந்தக் கை பின்னால் மடிந்து வரும். மூலை நெருங்க நெருங்க விரியும். மூலையைத் தாண்டியதும் மடங்கும். விரியும்போது அது நனைக்கும் நிலம் கூடுவதால் கையில் உள்ள தெளிப்பான்களையும் தொகுதி தொகுதியாகத் திறந்து மூட வேண்டும். இல்லையென்றால் மடிந்திருக்கும் வேளையில் முதன்மைக் குழாய் நனைத்த மண்ணையே இதுவும் நனைத்துப் பயிரை அழுகவைக்கும்.

எல்லாம் சரி, எப்போது விரிய வேண்டும் என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? நடுவில் ஊன்றியிருக்கும் குழாய்க்கு இந்தக் கவலை இல்லை. அது எங்கே போனாலும் வட்டம்தான். கீல் வைத்த கைக்கோ முடிவே இல்லாத சுதந்திரம். கொஞ்சம் முந்தினால் வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்கோ சாலைக்கோ போய்விடும்.

வால்மான்ட் வைத்திருந்த காப்புரிமை இதற்குக் கோணத்தால் பதில் சொன்னது. செக்லர் என்ற கண்டுபிடிப்பாளரின் பெயரால் நீதிமன்றம் அதை செக்லர் காப்புரிமை என்று அழைத்தது. அதன் அடிப்படையை இப்படி விளக்கலாம். சதுரத்தின் அளவு தெரியும். முதன்மைக் குழாய் வயலில் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை நடு மூட்டில் அளக்கலாம். அந்தத் திசைக்கு மூலைக் கை எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பது வடிவகணிதம். ஒரு திசைக்கு ஒரு விரிவு. கை உண்மையில் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக் கீலில் அளக்கலாம். இருக்க வேண்டிய கோணத்தையும் இருக்கும் கோணத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் சக்கரத்தை முடுக்கியோ தணித்தோ திருத்த வேண்டும். பொறிக்குத் தன் மூட்டுகளைத் தவிர வெளியுலகம் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ரெயின்கியின் பொறி வேறு பாதையில் போனது. மூலைக் கையின் சக்கரம் போக வேண்டிய தடத்தில் மண்ணுக்குள் ஒரு கம்பியைப் புதைத்து, அதில் மின்காந்தச் சைகையை அனுப்பினார்கள். மாறுதிசை மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டது. புதைத்த கம்பிக்கு நெருக்கமாக உள்ள சுருளில் அழுத்தம் அதிகம், விலகிய சுருளில் குறைவு. வண்டியின் இரு பக்கமும் இரண்டு சுருள்களை வைத்து, இரண்டும் சமமாக இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே போனால் வண்டி கம்பியை விட்டு விலகாது. தொழிற்சாலைகளுக்குள் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கம்பியைப் பின்பற்றுவது 1950களிலேயே தொடங்கியிருந்தது. வயலுக்கு அது வந்தது பிற்பாடு.

இரண்டு பொறிகளும் மூலையில் விரிந்தன, ஓரத்தில் மடங்கின, ஒரே மக்காச்சோளத்தை ஒரே மாதிரி நனைத்தன. வால்மான்ட் வழக்குப் போட்டது. நெப்ராஸ்காவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், ரெயின்கி காப்புரிமையை மீறியதாகவே முடிவு செய்தது. ரெயின்கி மேல்முறையீடு செய்தது. அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகள் எல்லாம் 1982 முதல் வாஷிங்டனில் உள்ள ஒரே நீதிமன்றத்துக்குப் போகின்றன. வட்டாரத்துக்கு ஒரு தீர்ப்பு என்ற பழைய குழப்பத்தைத் தீர்க்கவே அது அமைக்கப்பட்டது.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று புரிய 1946-க்கு ஒரு முறை போய்வர வேண்டும். அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு பாசன வழக்கின் அண்ணன் போலவே இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றில் திரவம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரிய, மேலிருந்து ஓர் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்கள். ஒலியின் வேகம் கிணற்றுக்குக் கிணறு மாறுவதால் கணக்கு தப்பும். வாக்கர் என்பவர் ஒரு வழி கண்டார். கிணற்றுக்குள் இறங்கும் குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று இணையும் இடங்களும் சின்னச் சின்ன எதிரொலி தரும். ஒரு துண்டின் நீளம் தெரியும் என்பதால் அவற்றை எண்ணினால் ஆழம் கிடைத்துவிடும். அந்த மெல்லிய எதிரொலிகளை மட்டும் பெரிதாக்க அவர் ஓர் ஒலி ஒத்ததிர்வுக் குழாயைப் பயன்படுத்தினார். ஹாலிபர்ட்டன் நிறுவனம் அதே வேலையை ஒரு மின்வடிகட்டியால் செய்தது.

வாக்கரின் கோரிக்கை, அதாவது எது தனக்குச் சொந்தம் என்று காப்புரிமை ஆவணத்தில் வரையறுத்த பகுதி, தன் கருவியை அது செய்யும் வேலையைக்கொண்டே விவரித்திருந்தது: இன்ன எதிரொலியைப் பிரித்துக் காட்டும் சாதனம் என்று. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையைச் சொல்லி உரிமை கேட்டால், அதே வேலையைச் செய்யும் எல்லாச் சாதனங்களும், நாளைக்கு யாரோ கண்டுபிடிக்கப்போகிறவையும்கூட, உங்களுக்குச் சொந்தமாகிவிடுமே என்பது அவர்கள் கவலை. காப்புரிமையே செல்லாது என்றார்கள். கவலை நியாயம், மருந்து கடுமை என்பது என் எண்ணம். பல உறுப்புகள் சேர்ந்து இயங்கும் ஒரு பொறியை எழுதும்போது, பூட்டும் சாதனம், திருப்பும் சாதனம் என்று வேலையால் பெயரிடாமல் எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

1952-ல் அமெரிக்க நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது ஒரு பேரம் பேசியது. வேலையைச் சொல்லிக் கோரலாம். ஆனால் அந்தக் கோரிக்கைக்குள் அடங்குவது, நீங்கள் காப்புரிமை ஆவணத்தின் விவரக் குறிப்பில் வரைந்து விளக்கிக் காட்டிய கட்டமைப்பும் அதற்கு நிகரானவையும் மட்டும். மூலைக் கை வழக்கு நடந்த காலத்தில் 112-ஆம் பிரிவின் ஆறாவது பத்தி என்று வழக்கறிஞர்கள் அதைச் சொன்னார்கள். பேரத்தின் ஒரு கையால் சலுகை, மறு கையால் வேலி.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1950-ல், உச்ச நீதிமன்றம் வேறொரு நிகர்மையைப் பற்றிப் பேசியிருந்தது. உலோகங்களைப் பற்றவைக்கும்போது தூவும் ஒரு பொடிக்கு லிண்டே நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அதில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தன. போட்டி நிறுவனத்தின் பொடியில் மெக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு. காகிதத்தில் எழுதிய கோரிக்கைக்குள் அது வராது. ஆனாலும் அது மீறல்தான் என்றது நீதிமன்றம். அதே வேலையை, கணிசமாக அதே வழியில், கணிசமாக அதே பலனுக்காகச் செய்தால் பெயரை மாற்றித் தப்பிக்க முடியாது. காப்புரிமையின் எழுத்துக்கு வெளியேயும் பாதுகாப்பை நீட்டும் கோட்பாடு இது.

ஆக நிகர் என்பது இரண்டு இடங்களில் வருகிறது. சட்டப் பிரிவில் வருவது அகலமான கோரிக்கையை இழுத்துச் சுருக்குகிறது. நீதிபதிகள் உண்டாக்கிய கோட்பாட்டில் வருவது கோரிக்கையை விரிக்கிறது. நாற்பது ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். மூலைக் கை வழக்கில் இரண்டுமே தேவைப்பட்டன. கையை இயக்கும் கட்டுப்பாட்டுச் சாதனம் என்று வேலையைச் சொல்லித்தான் வால்மான்டின் கோரிக்கை எழுதப்பட்டிருந்தது.

1993 ஜனவரியில் வந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராண்டால் ரேடர். அவர் முதலில் இரண்டு நிகர்மைகளையும் பிரித்து வைத்தார். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று வரலாற்றோடு சொன்னார். பிறகு சட்டப் பிரிவின் நிகர்மைக்கு ஓர் அளவுகோல் தந்தார். விவரக் குறிப்பில் காட்டிய கட்டமைப்பில் செய்த மாற்றம் அற்பமானதாக, முக்கியமான எதையும் புதிதாகச் சேர்க்காததாக இருந்தால் அது நிகர் என்பது அதன் சாரம். பிற்கால வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த அளவுகோல்தான்.

அந்த அளவுகோலை வயலில் வைத்துப் பார்த்தார்கள். செக்லர் காப்புரிமை காட்டிய கட்டமைப்பு கோணங்களை ஒப்பிடுகிறது. ரெயின்கியின் கட்டமைப்பு புதைத்த கம்பியின் சைகையைத் தொடர்கிறது. இது அற்ப மாற்றம் அல்ல. எனவே சட்டப் பிரிவின்படி நிகர் இல்லை. விரிக்கும் கோட்பாட்டின்படி பார்த்தாலும் வேலை ஒன்று, பலன் ஒன்று, வழி வேறு. மூன்றில் ஒன்று பிசகினாலும் மீறல் இல்லை. கீழ்நீதிமன்றத்தின் முடிவு ரத்தானது. ரெயின்கி வென்றது.

சட்டக்காரர்களை விட்டுவிட்டு ஒரு பொறியாளரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். தகவல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோண முறையில் வயலின் வடிவம் பொறிக்குள் இருக்கிறது. கம்பி முறையில் வயலின் வடிவம் மண்ணுக்குள் இருக்கிறது. பொறிக்கு வடிவமே தெரியாது. இதனால் பிழையின் குணமே மாறுகிறது. நடு மூட்டில் ஒரே ஒரு பாகை தவறாக அளந்தால் 400 மீட்டர் தள்ளி அது ஏழு மீட்டர் விலகலாகிறது. கம்பியைத் தொடரும் சக்கரத்துக்கு நடுவில் என்ன நடந்தாலும் கவலை இல்லை. தன் காலடியில் உள்ள கம்பிக்கும் தனக்கும் உள்ள தூரம் மட்டுமே அதன் பிழை. மறுபக்கம், கம்பிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் பள்ளம் கீற வேண்டும். உழவுக் கருவியோ எலியோ அறுத்துவிட்டால் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். ஆனால் வயலின் ஓரத்தில் ஒரு வீடோ மரக்கூட்டமோ இருந்தால் கம்பியை வளைத்துப் புதைத்துவிட்டுப் போய்விடலாம். கணக்கை மாற்றத் தேவையில்லை. இத்தனை வேறுபட்ட பலமும் பலவீனமும் உள்ள இரண்டை ஒன்று என்று சொல்ல முடியாது. மெக்னீசியத்துக்கு மாங்கனீசு போட்டது வேறு விவகாரம்; அங்கே பற்றவைத்தவர் கைக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

வால்மான்ட் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை நீதிமன்றம் கவனிக்கவில்லை என்பதல்ல, சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. மூலைக்காகக் கையை மடக்கி விரிக்கலாம் என்ற எண்ணம்தான் விவசாயிக்கு விலைமதிப்புள்ளது. அந்தக் கை வழியைக் கோணத்தால் அறிகிறதா கம்பியால் அறிகிறதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. காப்புரிமை எண்ணத்துக்குக் கிடைப்பதில்லை. எண்ணத்தை நிறைவேற்றிக் காட்டிய வழிக்குத்தான் கிடைக்கிறது. இந்த விதி கண்டுபிடிப்பாளருக்குக் கசப்பு. ஆனால் இது இல்லாவிட்டால், முதலில் மூலையை நனைத்தவர் 17 ஆண்டுகளுக்கு மூலைகளுக்கே சொந்தக்காரர் ஆகியிருப்பார். காப்புரிமையின் ஆயுள் அன்று அங்கே அவ்வளவு.

மூன்றாவது வழி ஒன்றும் பிறகு வந்தது. இன்று விற்கும் மூலைக் கைகள் பலவும் செயற்கைக்கோள்களைப் பார்த்து வழி அறிகின்றன. தரையில் நிலையாக நிற்கும் ஒரு கருவி, செயற்கைக்கோள் சைகையில் உள்ள பிழையைக் கணக்கிட்டுச் சொல்ல, கை சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தன் இடத்தை அறிகிறது. தடம் மறுபடி பொறியின் நினைவுக்குள் போய்விட்டது; அளவு மட்டும் மூட்டிலிருந்து வானத்துக்கு மாறியிருக்கிறது. இது கோணத்துக்கு நிகரா, கம்பிக்கு நிகரா என்று 1993-ன் அளவுகோலை வைத்துக் கேட்டால், இரண்டுக்கும் இல்லை என்பேன்.

மூலையை நனைப்பதே நல்லதா என்ற கேள்வியும் வளர்ந்துவிட்டது. நெப்ராஸ்காவின் பொறிகள் உறிஞ்சுவது பெரும்பாலும் எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கும் ஒகலாலா நீர்த்தேக்கப் பாறையிலிருந்து. கான்சஸ், டெக்சஸ் பகுதிகளில் அதன் மட்டம் பல பத்து மீட்டர் இறங்கிவிட்டது. நெப்ராஸ்காவில் நிலைமை பரவாயில்லை. மூலைகளைப் புல்லுக்கும் பறவைகளுக்கும் விட்டுவிடும் விவசாயிகள் அங்கே இருக்கிறார்கள். சில பேருக்கு அது இயற்கை மேல் உள்ள அன்பு. சில பேருக்கு மூலைக் கையின் விலையைப் பார்த்ததும் வந்த ஞானம்.

வழக்கின் இரு தரப்பும் இன்றும் நெப்ராஸ்காவிலிருந்தே பொறி விற்கின்றன, இரண்டிடமும் மூலைக் கை கிடைக்கும். காப்புரிமை ஆவணங்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். சைபாக்கின் அமெரிக்கக் காப்புரிமை எண் 2,604,359. முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் எண்ணிட்ட கோரிக்கைகளைப் படியுங்கள், பிறகு படங்களைப் பாருங்கள். அவர் எதைச் சொந்தம் கொண்டாடினார், எதை உலகத்துக்கு விட்டார் என்பது அந்த வரிசையில் படித்தால்தான் தெரியும்.